மடத்தில் பிள்ளையை விடுவதற்கு முன்

அண்ணன் இறந்துவிட்டார், அண்ணி மூன்று பிள்ளைகளோடு தடுமாறுகிறார். அல்லது அக்கா திருப்பூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்; ஊரில் பிள்ளையை வைத்திருக்கும் பாட்டிக்கு இனி முடியாது. இப்படி ஏதோ ஒரு நெருக்கடியில் சித்தப்பாவோ தாய்மாமாவோ அத்தையோ பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கன்னியர் மடத்துக்குப் போகிறார்கள். “சிஸ்டர், இனிமே நீங்கதான் பார்த்துக்கணும்” என்கிறார்கள். தமிழ்நாட்டில் இது புதிய பழக்கமல்ல. கத்தோலிக்கக் குடும்பங்கள் மட்டும் செய்வதும் அல்ல.

இந்த நம்பிக்கைக்கு நீண்ட பின்னணி உண்டு. புதுச்சேரியில் 1844-இல் துப்புயி அடிகள் தொடங்கிய மாசற்ற இருதய மரியன்னை சபை, பெண்பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கவே பிறந்தது. திருச்சியில் 1858-இல் புனித அன்னாள் சபையைத் தொடங்கிய அன்னம்மாள் ஒரு விதவை. கணவனை இழந்த பெண்களுக்கு வேறு போக்கிடம் இல்லாத காலம் அது. 1906-இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசிய குருக்கள் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லமும் பள்ளியும் நடத்தினார்கள். ‘சிஸ்டர்களிடம் விட்டால் பிள்ளை படித்துவிடும், பத்திரமாக இருக்கும்’ என்ற எண்ணம் பல தலைமுறை அனுபவத்தில் ஊறியது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் நம்பிக்கை அதிகமாக இருக்கும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமல் போகின்றன. பிள்ளை அங்கே எந்த வகையில் சேர்க்கப்படுகிறது, யாருடைய பொறுப்பில் இருக்கும், எப்போது திரும்பி வரும் என்று தெரியாமலே காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. பிறகு “பிள்ளையைத் தர மாட்டேங்குறாங்க” என்று உறவினர்களும், “விட்டுட்டுப் போனவங்க எட்டிக்கூடப் பார்க்கல” என்று சிஸ்டர்களும் ஒருவர்மேல் ஒருவர் வருத்தப்படுகிறார்கள். பராமரிப்பை மடத்தோடு பகிர்ந்துகொள்ளலாம். உறவையும் பொறுப்பையும் அங்கே இறக்கிவைத்துவிட்டு வர முடியாது. நாட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. திருச்சபைச் சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. இதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மூன்று வழிகள்

மடத்துக்குள் பிள்ளைகள் போகும் வழிகள் மூன்று. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே காம்பவுண்டு, ஒரே சாப்பாட்டுக்கூடம், ஒரே சிற்றாலயம். சட்டத்தின் கண்ணில் மூன்றும் வேறு வேறு.

முதல் வழி, போர்டிங். பள்ளியில் படிக்க வரும் பிள்ளை பக்கத்து விடுதியில் தங்குகிறது. ஜூன் மாதம் ட்ரங்குப் பெட்டி, தட்டு, டம்ளர், வாளி, பாயோடு வந்து இறங்குவார்கள். மாற்றுத் துணி ஒவ்வொன்றிலும் விடுதி எண்ணை நூலால் தைத்துக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள். முதல் நாள் மாலையே ‘இருபத்தேழு’ என்றால் யார் என்று வார்டன் சிஸ்டருக்குத் தெரிந்துவிடும். இங்கே பிள்ளையின் பெற்றோர் பெற்றோராகவே இருக்கிறார்கள். அவர்கள் எப்போது கேட்டாலும் டி.சி. வாங்கி அழைத்துப்போகலாம். இப்படிப்பட்ட விடுதிகளுக்காகத் தமிழ்நாட்டில் 2014-இல் தனிச் சட்டமே வந்தது. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதியையோ இல்லத்தையோ நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. மடம் நடத்துகிறது என்பதால் விதிவிலக்கு இல்லை.

இரண்டாவது வழி, குழந்தைகள் இல்லம். தாய் தகப்பன் இல்லாத, அல்லது இருந்தும் பார்த்துக்கொள்ள இயலாத பிள்ளைகளுக்கான இடம். இதை ஆள்வது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும், அரசுப் பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இந்தச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி பதிவுபெற வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். இங்கே ஒரு பிள்ளையைச் சேர்க்கும் அதிகாரம் இல்லத் தலைவியிடம் இல்லை. மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடுதான் பிள்ளை அங்கே தங்க முடியும்.

மூன்றாவது வழி, துறவறப் பயிற்சி. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த கத்தோலிக்கப் பெண்பிள்ளை சிஸ்டராக விரும்பிச் சபையில் சேர்வது, பையன் இளங்குருமடத்தில் சேர்வது. இதை இறையழைத்தல் என்பார்கள். ஆதரவில்லாத பிள்ளைக்குப் புகலிடம் தேடுவதும் இதுவும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. ஆனால் கலக்கிறது. “பிள்ளை மடத்திலேயே இருந்துட்டா அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது” என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதை எத்தனையோ வீடுகளில் கேட்கலாம்.

எனவே சிஸ்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பிள்ளையை எதில் சேர்க்கிறீர்கள்? விடுதிப் பதிவேட்டிலா, இல்லப் பதிவேட்டிலா?

யார் கையெழுத்துப் போடலாம்

விண்ணப்பப் படிவத்தில் ‘கார்டியன்’ என்று ஒரு கட்டம் இருக்கும். கூட வந்த மாமா அதில் கையெழுத்துப் போடுவார். அவசரத்துக்கு யாருக்கு போன் செய்வது என்று பள்ளிக்குத் தெரிய அது போதும். சட்டப்படி பாதுகாவலர் என்ற தகுதி அந்தக் கையெழுத்தால் வந்துவிடாது. தாய் உயிரோடு இருந்தால் தாய்தான் பாதுகாவலர். தகப்பன் இருந்தால் தகப்பன். இருவரும் இல்லாத பிள்ளைக்கு உறவினர் சட்டப்படியான பாதுகாவலராக வேண்டுமென்றால், 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும்.

இதில் சொத்து விஷயமும் அடங்கியிருக்கிறது. இறந்த தகப்பன் பெயரில் கொஞ்சம் நிலம், இன்சூரன்ஸ் பணம், விபத்து இழப்பீடு எதுவும் இருக்கலாம். பிள்ளை மடத்தில் வளர்கிறது என்பதால் அதன் பங்கு குறையாது. இந்துப் பிள்ளையின் நிலத்தை விற்கப் பெற்ற தாயே நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெரியப்பாவுக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்? நல்ல இல்லங்களில் பிள்ளையைச் சேர்க்கும்போதே பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், டி.சி. ஆகியவற்றோடு சொத்து விவரத்தையும் கேட்டு எழுதிவைப்பார்கள். கேட்கிறார்களே என்று கோபப்பட வேண்டாம். அது பிள்ளைக்காகக் கேட்பது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தற்காலிகமாகப் பராமரிக்கக் கேட்பது ஒன்று. சட்டப்படி ஒப்படைப்பது வேறொன்று. தங்கள் சக்திக்கு மீறிய காரணங்களால் வளர்க்க முடியாத பெற்றோர் அல்லது பாதுகாவலர் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து பிள்ளையை ஒப்படைக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அதில் கையெழுத்திட்டபின் மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. அது கடந்தால் பிள்ளை தத்துக்குத் தகுதியானதாக அறிவிக்கப்படலாம். ‘கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்’ என்று நினைத்து வந்தவர்கள் இந்தப் பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது. படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தத்து பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். “சிஸ்டர் மூலமா ஒரு பிள்ளை கிடைச்சுது” என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. சட்ட நடைமுறையைத் தாண்டிப் பிள்ளையைத் தத்துக் கொடுத்தால் மூன்றாண்டு வரை சிறை. பணம் கைமாறினால் ஐந்தாண்டு வரை கடுங்காவல். கொடுப்பவர் மடத்தைச் சேர்ந்தவர் என்றாலும் விலக்கு இல்லை. உறவினர் பிள்ளையை உறவினரே தத்தெடுக்க, எந்த மதத்தவராக இருந்தாலும், இதே சட்டத்தில் தனி வழி இருக்கிறது. அந்த வழிக்கு மடம் தேவையே இல்லை.

குழுவின் முன் நடப்பது

‘குழு’ என்ற சொல்லைக் கேட்டதும் போலீஸ், கோர்ட் என்று பலர் பயப்படுகிறார்கள். பயந்தே, “குழு எல்லாம் வேணாம் சிஸ்டர், நீங்களே வச்சுக்குங்க” என்று கெஞ்சுகிறார்கள். மனம் இரங்கி ஒரு சிஸ்டர் அதற்குச் சம்மதித்தால், அவரும் குற்றத்துக்குள் வருகிறார். பிள்ளைக்கும் பாதுகாப்பு இல்லாமல் போகிறது.

குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ஆனால் பிள்ளையைக் கூண்டில் ஏற்றுவதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவர்கள்முன் கொண்டுபோக வேண்டும். வீட்டு நிலைமையைப் பற்றிய சமூக விசாரணை 15 நாளில் முடிய வேண்டும். உறவினர்களில் யாராவது வளர்க்கத் தயாரா என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். முதல் முறை ஆஜரானதிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும். எந்த இல்லம், எத்தனை காலம், யார் வந்து பார்க்கலாம் என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில்தான் தீர்மானமாகும். குழுவின் உத்தரவு கையில் இருக்கும் சித்திக்கு, பிள்ளையைப் பார்க்க அனுமதி மறுத்தால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது. உத்தரவே இல்லாமல் விட்டுவந்தவருக்கு அப்படி ஓர் இடம் இல்லை.

இந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது பற்றி வந்த ஒரு பத்திரிகைச் செய்தியை வைத்து 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் பதிவானது. பத்தாண்டு நடந்து, 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. நாட்டில் உள்ள அத்தனை குழந்தைகள் இல்லங்களும் அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் பதிவாக வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அரைநூற்றாண்டாக நல்ல பேரோடு இல்லம் நடத்திய சபைகள் சில, ‘எங்களைச் சந்தேகப்படுகிறார்களே’ என்று புண்பட்டன. அந்த வருத்தம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் நல்ல மடத்தையும் பிள்ளைகளை வைத்துப் பிழைப்பவர்களையும் பிரித்துக் காட்டுவது பதிவேடும் தணிக்கையும்தான். அவற்றால் நல்லவர்களுக்குப் பாதுகாப்பே தவிர இழுக்கில்லை.

இல்லத்துக்கு முன் வீடு

சட்டம் நிறுவனப் பராமரிப்பைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளும், வறுமையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்கின்றன. ‘சோறு போட முடியவில்லை, அதனால் மடத்தில் விடுகிறோம்’ என்றால், முதலில் செய்ய வேண்டியது சோற்றுக்கு வழி செய்வது.

அதற்கான உதவிகள் இருக்கின்றன, பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவாகப் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. விதவைத் தாயின் பிள்ளை, தீராத நோய் கண்டவரின் பிள்ளை, பெற்றோரை இழந்து சித்தப்பா, மாமா வீட்டில் வளரும் பிள்ளை ஆகியோர் இதற்குத் தகுதியானவர்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தைத் தமிழக அரசு 2025-இல் தொடங்கியது. விண்ணப்பிக்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள்.

இந்த இடத்தில் மடங்களால் பெரிய உதவி செய்ய முடியும். ஊரில் எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று சிஸ்டர்களுக்குத் தெரியும். படிவம் நிரப்பவும் தெரியும். பிள்ளையை உள்ளே எடுப்பதற்கு முன், அத்தை வீட்டிலேயே பிள்ளை இருக்க இந்தப் பணம் போதுமா என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் சிஸ்டர், இல்லத்தில் ஒரு படுக்கை கூட்டுவதைவிடப் பெரிய காரியம் செய்கிறார். பகலில் மடத்துப் பள்ளி, மாலையில் அங்கேயே டியூஷன், இரவில் பாட்டி வீடு என்ற ஏற்பாடும் பல ஊர்களில் சாத்தியம்.

வீடே ஆபத்தாக இருக்கும்போது நிலைமை வேறு. குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன், பெண்பிள்ளையைக் குழந்தைத் திருமணத்துக்குத் தள்ளும் உறவு, பாலியல் தொல்லை என்றிருந்தால் தயங்காமல் பிள்ளையை அங்கிருந்து மீட்க வேண்டும். 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும், பிள்ளையே கூட, அழைக்கலாம்.

ஜெபமும் மதமும்

பிற மதத்துப் பிள்ளையை மடத்தில் விடும்போது, வெளியே சொல்லாவிட்டாலும் மனதில் ஒரு கேள்வி ஓடும்: மதம் மாற்றிவிடுவார்களோ? இதைப் பூசி மெழுகாமல் பேசுவதே நல்லது.

அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் படிக்கும் பிள்ளையை, பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது. நிறுவனத்தை ஒட்டிய இடங்களுக்கும் இது பொருந்தும். மாலையில் எல்லாரும் ஜெபமாலை சொல்லும்போது இந்துப் பிள்ளை அமைதியாக உட்கார்ந்திருக்கலாம், படிப்பறையிலும் இருக்கலாம். எது வேண்டும் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே சொல்லி எழுதிவைக்கலாம்.

திருச்சபையின் சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, குழந்தைக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கப் பெற்றோரில் ஒருவராவது, அல்லது சட்டப்படி அவர்கள் இடத்தில் இருப்பவராவது சம்மதிக்க வேண்டும். சாகக் கிடக்கும் குழந்தைக்கு மட்டும் விதிவிலக்கு. புத்தி தெளிந்த வயது வந்த பிள்ளை தானே விரும்பிக் கேட்டு, முறையான மறைக்கல்விக்குப் பின்பே திருமுழுக்குப் பெறலாம். ஏழு வயதைத் தாண்டினாலே இந்த விதி வந்துவிடுகிறது. ‘இந்துப் பெண்ணைப் பிடித்து சிஸ்டர் ஆக்கிவிடுவார்கள்’ என்ற பயத்துக்கும் இடமில்லை. கத்தோலிக்கர் அல்லாதவரைத் துறவற சபையில் சேர்க்கவே முடியாது. திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றுகள் இல்லாமல் நவகன்னியர் இல்லத்தில், அதாவது துறவறப் பயிற்சி இல்லத்தில், இடமில்லை.

சட்டம் இருக்கிறது என்பதால் தவறே நடக்காது என்று சொல்ல முடியாது. தன்னைப் பார்த்துக்கொள்பவரைப் பிடித்துப்போய் அவரைப் போலவே ஆக விரும்புவது பிள்ளை மனசு. அந்த விருப்பத்தை உடனே ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டுபோகாமல், ‘வளர்ந்தபின் பார்க்கலாம், வீட்டில் பேசு’ என்று சொல்வதுதான் பொறுப்புள்ள சிஸ்டருக்கு அழகு. உறவினர்கள் தங்கள் பங்குக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிள்ளையை வீட்டுக்கு அழைக்க வேண்டும். பிள்ளை தன் குலதெய்வத்தை மறந்துவிட்டது என்று வருந்தும் குடும்பம், எத்தனை திருவிழாவுக்கு அதைக் கூட்டிப்போனோம் என்று தன்னையும் கேட்டுக்கொள்ளட்டும்.

சபையில் சேர்ப்பது யார் முடிவு

மூன்றாவது வழியைப் பற்றித்தான் கத்தோலிக்கக் குடும்பங்களிலேயே குழப்பம் அதிகம். இதில் திருச்சபை நடந்துவந்த தூரத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய துறவற ஒழுங்கின் 59-ஆம் அதிகாரம், பெற்றோர் தங்கள் மகனை மடத்துக்குக் காணிக்கையாகக் கொடுக்கும் முறையைச் சொல்கிறது. பையன் மிகச் சிறியவனாக இருந்தால் பெற்றோரே விண்ணப்பம் எழுதுவார்கள். காணிக்கைப் பொருளோடு அந்த விண்ணப்பத்தையும் பையனின் கையையும் பீடத்துணியில் சேர்த்துச் சுற்றி ஒப்புக்கொடுப்பார்கள். இங்கிலாந்தின் வரலாற்றை எழுதிய பீட், ஏழு வயதில் தம் உறவினர்களால் வேர்மவுத் மடத்தில் விடப்பட்டவர். வாழ்நாள் முழுதும் மடத்தில் இருந்து பெரிய அறிஞர் ஆனார். எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. 633-இல் நடந்த தொலேதோ ஆயர்கள் சங்கம், தகப்பன் நேர்ந்துவிட்டாலும் தானே வாக்குக் கொடுத்தாலும் இரண்டும் ஒன்றே, திரும்பிப் போக முடியாது என்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் கோட்சால்க் என்ற இளம் துறவி, சிறு வயதில் என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள், என்னை விடுங்கள் என்று 829-இல் மைன்ஸ் சங்கத்தின் முன் போய் நின்றார். சங்கம் அவர் பக்கம் சாய்ந்தது. அவருடைய மடாதிபதி அதை ஏற்காமல் எதிர்த்து வாதாடினார்.

இந்த வழக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவிகள் சிறு பிள்ளைகளை ஏற்பதை நிறுத்தினார்கள். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் 16 வயதுக்கு முன் கொடுக்கும் துறவற வார்த்தைப்பாடு செல்லாது என்றது. நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றுக்குப் பெயர் தந்த சிறுமலர் தெரேசா, 1888-இல் 15 வயதில் கார்மேல் மடத்தில் சேரத் திருத்தந்தை வரை போய்க் கேட்க வேண்டியிருந்தது. இன்றைய சட்டம் அதையும் தாண்டிவிட்டது. 17 வயது முடியாமல் நவகன்னியராக முடியாது. 18 முடியாமல் முதல் வார்த்தைப்பாடு இல்லை. 21 முடியாமல் நித்திய வார்த்தைப்பாடு இல்லை. வற்புறுத்தலாலோ பெரும் பயத்தாலோ ஏமாற்றத்தாலோ ஒருவரைச் சேர்த்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது.

நம் பக்கத்தில் நேர்ச்சை வழக்கம் ஒன்றுண்டு. ‘இந்தப் பிள்ளை பிழைத்தால் மாதாவுக்குக் கொடுத்துவிடுகிறேன்’ என்று காய்ச்சலில் கிடந்த குழந்தையின் தலைமாட்டில் தாயோ பாட்டியோ நேர்ந்துகொள்வார்கள். பதினைந்து வருடம் கழித்து, ‘நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது’ என்று அந்தப் பெண்ணை மடத்துக்கு அனுப்புவார்கள். திருச்சபைச் சட்டத்தின் 1193-ஆம் விதி இதற்கு நேரடியான பதில்: நேர்ச்சை செய்தவரை மட்டுமே அது கட்டுப்படுத்தும். பாட்டியின் நேர்ச்சை பேத்தியைக் கட்டாது. பாட்டிக்கு மனம் ஆறவில்லை என்றால், தாம் செய்யக்கூடிய வேறொன்றாக அந்த நேர்ச்சையை மாற்றித் தரும்படி பங்குத்தந்தையிடம் கேட்கலாம். அதற்கும் வழி இருக்கிறது.

பத்தாவது முடித்து ‘கேண்டிடேட்’ ஆகச் சேரும் பிள்ளை இன்னும் எந்த வார்த்தைப்பாடும் கொடுக்கவில்லை; அது வீட்டுப் பிள்ளைதான். பன்னிரண்டாவது வரை படிக்கவைப்பார்களா, சான்றிதழ்கள் யாரிடம் இருக்கும், வேண்டாமென்றால் எப்படி வீடு திரும்புவது என்று கேட்பது அவிசுவாசமல்ல. நவகன்னியர் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். முதல் வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் போகலாம். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கும் முறையான அனுமதி பெற்று விலக வழியுண்டு. அப்படித் திரும்பிவரும் பெண்ணை ‘மடத்திலிருந்து ஓடிவந்தவள்’ என்று பேசும் ஊர் வாய்தான் உண்மையான தடை. அந்த வாயை அடைக்க வேண்டியது குடும்பம்.

விட்ட பிறகு

போர்டிங்கோ இல்லமோ, பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வர வேண்டும். ‘கடைக்குப் போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போன மாமாவை எந்தப் பிள்ளையும் மறக்காது. எதற்காக விடுகிறோம், எப்போது வருவோம் என்பதைச் சொல்லுங்கள். சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்து நில்லுங்கள். பார்வையாளர் வராத பிள்ளை யார் என்பது விடுதியில் எல்லாருக்கும் தெரியும்; தவறு செய்ய நினைப்பவர்களுக்கும் தெரியும்.

பார்க்கப் போகும்போது தனியே பேச வாய்ப்புக் கேளுங்கள். தன் இடத்தைப் பெருக்குவது, தட்டைக் கழுவுவது எல்லாம் வளர்ப்பில் சேர்ந்தவை. படிப்பு நேரத்தில் சமையற்கட்டு வேலைக்கும் மடத்துத் தோட்டத்து வேலைக்கும் அனுப்பினால் அது வேறு. அடிப்பதாகச் சொன்னால் ‘சிஸ்டர் நல்லதுக்குத்தான் அடிப்பாங்க’ என்று அடக்கிவிடாதீர்கள். இல்லத்தில் உடல் தண்டனை கொடுப்பது சட்டப்படி குற்றம். பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது தெரிந்த ஒவ்வொருவரின் கடமை. நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் அவருக்கும் சிறைத்தண்டனை உண்டு. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சட்டம், துறவியரும் குருக்களும் இத்தகைய புகார்களைத் தங்கள் மேலிடத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. மேலிடத்துக்குச் சொன்னதோடு போலீஸுக்குச் சொல்லும் கடமை தீர்ந்துவிடாது. சபையின் மானம் போகுமே என்று கவலைப்படுகிறவர்கள், மறைத்ததால்தான் உலகெங்கும் திருச்சபைக்கு மானம் போனது என்பதை நினைக்க வேண்டும்.

பிள்ளை வளர்ந்து 18 வயதாகும்போது இல்லத்தின் சட்டப் பொறுப்பு முடிகிறது. 21 வரை பிற்காப்பு உதவிக்கு இடமுண்டு. ஆனால் கல்லூரி, வேலை, கல்யாணம் என்று வரும்போது ‘உங்க வீட்ல யாரு வருவாங்க?’ என்ற கேள்விக்கு எந்தத் திட்டத்திலும் பதில் இல்லை. பத்து வருடம் தொடர்பே இல்லாமல் இருந்துவிட்டு அன்றைக்குத் திடீரென்று சித்தப்பா ஆக முடியாது.

ஆகவே விடும் நாளிலேயே ஐந்து விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிள்ளை சேர்வது விடுதியிலா, இல்லத்திலா, பயிற்சியிலா? அதற்கான உரிமம் அல்லது பதிவு எண் என்ன? யாருடைய கையெழுத்தில், எந்த உத்தரவில் பிள்ளை இங்கே இருக்கிறது? எதுவரை இருக்கும்? யார் யார் வந்து பார்க்கலாம், அழைத்துப்போகலாம்? நேர்மையாக நடக்கும் மடத்தினர் இவற்றைக் கேட்கும் உறவினரை மதிப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு ஆள் இருக்கிறது என்று அவர்களுக்கும் தெம்பாக இருக்கும். பதில் சொல்ல மழுப்பும் இடம் எவ்வளவு பேர் பெற்றதானாலும் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பதில் கிடைத்து விட்டுவருகிறீர்கள் என்றால், காலாண்டு விடுமுறைக்கு அதை அழைக்கப் போவது வீட்டில் யார் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்து, அந்தப் பெயரையும் படிவத்தில் எழுதிவிட்டு வாருங்கள்.